அப்பாவின் பக்கவாதத்தை முழுதாகப் பார்ப்பது யார்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும். 61 வயதான அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. வலது கையும் காலும் பாதி தேறியிருக்கின்றன, பேச்சு இன்னும் குழறுகிறது, தண்ணீர் குடித்தால் இருமல் வருகிறது. நரம்பியல் மருத்துவர், இதய மருத்துவர், சர்க்கரை நோய் மருத்துவர், இயன்முறை மருத்துவர் என்று நான்கு பேரிடம் மாறி மாறி அழைத்துப் போகிறீர்கள். ஒவ்வொருவரும் தங்கள் பங்கை நன்றாகவே பார்க்கிறார்கள். ஆனால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிப்பதாகத் தெரியவில்லை. பக்கவாதத்துக்குக் காரணம் தெரியவில்லை என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கிறது. இந்த நிலையில், பல துறை மருத்துவர்கள் ஒன்றுசேர்ந்து பக்கவாதத்தைப் பார்க்கும் 'ஒருங்கிணைந்த மூளை ரத்தக்குழாய் மருத்துவம்' என்று ஒன்றைக் கேள்விப்பட்டு, அது உண்மையில் தேவையா, வெறும் பெயர்ப் பலகையா என்று கேட்கிறீர்கள். உங்கள் மனத்தில் இருக்கும் கேள்வி இன்னும் எளியது என்று நினைக்கிறேன்: என் அப்பாவை முழுதாகப் பார்ப்பது யார்?

தேவை என்பதே என் பதில். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பக்கவாத நோயாளிகளைப் பார்த்துவரும் நரம்பியல் மருத்துவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். அப்பாவின் ஸ்கேனையோ ஈ.சி.ஜி.யையோ நான் பார்க்கவில்லை. எனவே அவருடைய மருந்துகளில் எதையும் நிறுத்தவோ கூட்டவோ நான் சொல்லப்போவதில்லை. இந்த நோயை ஏன் துண்டு துண்டாகப் பார்க்க முடியாது, அதில் எது உறுதி, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

மூளை நம் உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வில் இருக்கும்போது உடல் செலவிடும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைக்கவும் அதற்கு இடமில்லை. ரத்தம் நின்றால் சில நொடிகளிலேயே அது தடுமாறத் தொடங்கும். அடைப்பு மூளையில் தெரிகிறது, ஆனால் அது பிறந்த இடம் பெரும்பாலும் வேறு. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தின் இடது மேலறையில் உறைந்த ரத்தக் கட்டி அங்கிருந்து கிளம்பியிருக்கலாம். கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்பு உடைந்து மேலே போயிருக்கலாம். ஆண்டுக்கணக்கான ரத்த அழுத்தமும் சர்க்கரையும் மூளையின் ஆழத்திலுள்ள மயிரிழைக் குழாய்களைத் தடிக்க வைத்திருக்கலாம். மூன்றிலும் வலது கை விழும், மூன்றிலும் பேச்சுக் குழறும். ஆனால் மூன்றுக்கும் மருந்து வேறு, பார்க்க வேண்டிய மருத்துவரும் வேறு. இந்த நோய் எந்தத் துறைக்குச் சொந்தம் என்பதில் மருத்துவ உலகமே நீண்ட காலம் தடுமாறியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், பத்தாம் பதிப்பில் பக்கவாதம் ரத்த ஓட்ட நோய்களின் அத்தியாயத்தில்தான் இருந்தது. 2022-இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில்தான் அது நரம்பு மண்டல நோய்களுக்கு மாற்றப்பட்டது. அந்த மாற்றத்தை நான் வரவேற்றேன். ஆனாலும் எந்த அத்தியாயத்தில் வைத்தாலும் இந்த நோய் அதற்குள் அடங்காது என்பதுதான் என் அனுபவம்.

முதல் சில மணி நேரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய தமனி அடைபட்டு, சிகிச்சை இல்லாமல் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது 2006-இல் வெளியான கணக்கு. கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து பயன் தரும் என்பது 1995-இல் நிரூபணமானது. முதலில் 3 மணி நேரம் என்றிருந்த வரம்பு 2008-இல் நாலரை மணி நேரமாக நீண்டது. தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கும் சிகிச்சை, 2015-இல் அடுத்தடுத்து வெளியான ஐந்து ஆய்வுகளால் நிலைபெற்றது. 2018-இல், ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய மூளைப் பகுதி மிச்சமிருப்பதாகத் தெரிந்தால் 24 மணி நேரம் வரைகூட இதைச் செய்யலாம் என்று உறுதியானது. இவை சந்தேகத்துக்கு இடமில்லாதவை. ஆனால் மருந்தும் குழாயும் இருந்தால் மட்டும் போதாது என்பதற்குப் பின்லாந்தின் ஹெல்சின்கி நகரத்தின் அனுபவத்தை என் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வேன். அங்கே 1998-இல் நோயாளி மருத்துவமனை வாசலுக்கு வந்ததிலிருந்து ஊசி போடும் வரை நடுத்தரக் கணக்கில் 105 நிமிடம் ஆனது. 2011-இல் அது 20 நிமிடமானது. இடைப்பட்ட காலத்தில் அவர்கள் புது மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆம்புலன்ஸ் ஊழியர்கள் வழியிலிருந்தே தகவல் சொன்னார்கள். நோயாளியின் பழைய விவரங்கள் அவர் வருமுன்பே எடுத்து வைக்கப்பட்டன. ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரிலேயே அவரை சி.டி. அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஊசியை ஸ்கேன் மேசையிலேயே போட்டார்கள். ஆம்புலன்ஸ், அவசரப் பிரிவு, கதிரியக்கப் பிரிவு, நரம்பியல் பிரிவு ஆகிய நான்கும் ஒரே கையின் விரல்களைப் போல இயங்கின, அவ்வளவுதான்.

அவசரத்தில் இந்தச் சேர்க்கை இன்னொரு வகையிலும் உயிர் காக்கும். திடீரென்று ஒரு பக்கம் விழுந்தவர் 'முதுகைக் கிழிப்பது போல வலித்தது' என்று சொன்னால், இரு கைகளிலும் ரத்த அழுத்தம் மாறுபட்டால், பெருந்தமனியின் சுவரே கிழிந்திருக்கக்கூடும். அவருக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சலோடு வரும் பக்கவாதத்தில் இதய வால்வில் தொற்று இருக்கலாம். அங்கேயும் அந்த ஊசி கூடாது. மூளையை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை தப்பிவிடும்.

இனி நான் சொல்லப்போவது அதிகம் பேசப்படாதது. என்னைக் கேட்டால் இதுதான் மிக முக்கியமானது. பக்கவாதத்துக்கென்று தனி வார்டு, அதற்கென்று பயிற்சி பெற்ற செவிலியர், இயன்முறை மருத்துவர், பேச்சு மற்றும் விழுங்குதல் பயிற்சியாளர், வாரந்தோறும் எல்லோரும் கூடிப் பேசும் வழக்கம், இவை இருந்தால் இறப்பும் குறைகிறது, பிறரைச் சார்ந்து வாழ வேண்டிய நிலையும் குறைகிறது. வயது, ஆண் பெண் வேறுபாடு, பக்கவாதத்தின் கடுமை எதுவாக இருந்தாலும் இந்தப் பலன் கிடைக்கிறது. கட்டியை இழுக்கும் சிகிச்சை சிலருக்குத்தான் பொருந்தும். இது எல்லோருக்கும் பொருந்தும். ஆஸ்திரேலியாவில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வு என் வேலை முறையையே மாற்றியது. செவிலியர்கள் முன்நின்று மூன்றே விஷயங்களை ஒழுங்காகக் கவனித்தார்கள்: காய்ச்சல், ரத்தச் சர்க்கரை, விழுங்கும் திறன். வழக்கமான பராமரிப்புப் பெற்றவர்களில் 58 சதவீதம் பேர் 90 நாள் முடிவில் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தார்கள். இந்த முறையில் கவனிக்கப்பட்டவர்களில் அது 42 சதவீதம். விலையுயர்ந்த கருவி எதுவும் இதில் இல்லை.

விழுங்கும் சோதனை என்றால் என்ன என்று நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. நோயாளியை நிமிர்ந்து உட்கார வைத்து, வாயைச் சுத்தம் செய்து, ஒரு தேக்கரண்டித் தண்ணீர் கொடுப்பார்கள். தொண்டையில் விரல் வைத்துக் குரல்வளை மேலெழுகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு 'ஆ' என்று சொல்லச் சொல்வார்கள். குரல் தெளிவாக வந்தால் அடுத்த தேக்கரண்டி. நீரில் மூழ்கியதைப் போலக் களகளவென்று வந்தால் தண்ணீர் குரல்நாண்களின் மேல் நிற்கிறது என்று பொருள்; உடனே நிறுத்திவிடுவார்கள். சிலருக்கு இருமலே வராமல் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கும். அதனால் இருமவில்லை என்பது மட்டும் நல்ல செய்தி ஆகாது. பெரிய கட்டியை வெற்றிகரமாக எடுத்த பிறகு, மூன்றாம் நாள் அன்போடு யாரோ ஊட்டிய ஒரு டம்ளர் திரவத்தால் நிமோனியா வந்து இறந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மரணங்கள் என்னை இன்னும் உறுத்துகின்றன.

மூளையில் ரத்தம் கசியும் வகைப் பக்கவாதத்திலும் இதே பாடம்தான் கிடைத்தது. பல ஆண்டுகளாக ஒவ்வொரு சிகிச்சையையும் தனித்தனியாகச் சோதித்துப் பெரிய பலன் காணாமல் சலித்திருந்த நேரத்தில், 2023-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு, ரத்த அழுத்தம், சர்க்கரை, உடல் வெப்பம், ரத்தம் உறையாமல் தடுக்கும் உறைவெதிர்ப்பு மருந்தின் விளைவை முறித்தல் ஆகிய நான்கையும் ஒரு கட்டாகச் சேர்த்து உடனுக்குடன் கவனித்தபோது நோயாளிகள் மேம்பட்டதைக் காட்டியது.

உங்கள் அப்பாவின் 'காரணம் தெரியவில்லை' என்ற வரிக்கு வருகிறேன். அந்த வரியை எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அதைப் படித்தவுடன் இதய மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் ஒழுங்கற்ற துடிப்பு பக்கவாத ஆபத்தை ஏறத்தாழ ஐந்து மடங்காக்குகிறது. அதைக் கண்டுபிடித்து உறைவெதிர்ப்பு மருந்து கொடுத்தால் ஆபத்து மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது. சிக்கல் என்னவென்றால் அது வந்து வந்து போகும். ஒரு நிமிட ஈ.சி.ஜி.யில் மாட்டாது. காரணம் தெரியாத பக்கவாத நோயாளிகளுக்குத் தோலடியில் சிறு பதிவுக் கருவி வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், மூன்றாண்டு முடிவில் 30 சதவீதம் பேருக்கு இந்தத் துடிப்பு பிடிபட்டது; வழக்கமான முறையில் பார்த்தவர்களில் 3 சதவீதம் பேருக்குத்தான். தேடினால் கிடைக்கும் என்பது உறுதி. கிடைத்த ஒவ்வொரு சிறு துடிப்புக்கும் மருந்து வேண்டுமா என்பது உறுதியில்லை. சில நிமிடங்களே நீடிக்கும் துடிப்புகளில் பக்கவாதம் குறைவதையும் ரத்தக்கசிவு கூடுவதையும் தராசில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. 'எப்படியும் இதயத்திலிருந்துதான் வந்திருக்கும், இப்போதே உறைவெதிர்ப்பு மருந்தைத் தொடங்கிவிடலாம்' என்ற ஊகத்தைச் சோதித்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2018-லும் 2019-லும் வெளியாயின. இரண்டிலுமே அந்த மருந்து ஆஸ்பிரினைவிட மேலாக இல்லை. ஆகவே ஊகத்துக்கு மருந்து கொடுக்காமல் காரணத்தைத் தேடுவதுதான் முறை.

இதயத்தின் மேலறைகளுக்கு இடையே பிறவியிலிருந்தே மூடாமல் இருக்கும் சிறு துளை பற்றியும் யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அது நான்கில் ஒருவருக்கு இருக்கிறது. பெரும்பாலோருக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. 60 வயதுக்குட்பட்ட, வேறு காரணம் எதுவும் இல்லாத சிலருக்கு அதை மூடினால் பலன் உண்டு என்று 2017-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. உங்கள் அப்பாவின் வயதில், சர்க்கரையும் இருக்கும்போது, துளை இருப்பது தற்செயலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். துளையை மூடும் திறமை இதய மருத்துவரிடம் இருக்கிறது. அந்தத் துளைதான் குற்றவாளியா என்று சொல்வது நரம்பியல் மருத்துவரின் வேலை. ஒருவர் மட்டும் முடிவெடுத்தால் தவறு நேரும். எதிர்த் திசையிலும் இது நடக்கிறது. பக்கவாதத்தால் மூளை பாதிக்கப்பட்டதாலேயே ஈ.சி.ஜி. மாறக்கூடும், இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் அளவு ஏறும். அதை மாரடைப்பென்று முடிவு கட்டுவதற்கு முன் இருவரும் பேசிக்கொள்ள வேண்டும்.

மருந்துகளைப் பற்றி ஒரு சம்பவம் சொல்கிறேன். பக்கவாதம் வந்து ஐந்து மாதமான ஒருவரை அவர் மனைவி என்னிடம் அழைத்து வந்தார். 'ரொம்பச் சோர்வாக இருக்கிறார் டாக்டர், பயிற்சிக்கே வரமாட்டேன் என்கிறார்' என்பதுதான் அந்த அம்மா சொன்ன குறை. எல்லா மாத்திரைகளையும் எடுத்து வெளியே வையுங்கள் என்றேன். துணிப்பையைக் கவிழ்த்தார், மேசை மேல் பதினான்கு அட்டைகள். காலை, மதியம், இரவு என்று மூன்று வரிசையாக அடுக்கினோம். காலை வரிசையில் ஆஸ்பிரின் தனியாக ஒன்று இருந்தது. வேறொரு பெயரில், ஆஸ்பிரினைப் போலவே ரத்தம் கட்டுவதைத் தடுக்கும் குளோபிடோகிரலும் கொழுப்பைக் குறைக்கும் மருந்தும் சேர்ந்த கேப்சூலுக்குள் ஆஸ்பிரின் இன்னொரு முறை இருந்தது. இதயத் துடிப்புக் கோளாறு பின்னால் தெரியவந்து, இன்னொருவர் எழுதிய உறைவெதிர்ப்பு மாத்திரை இரவு வரிசையில் இருந்தது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், உள்ளே வெளிறிக் கிடந்தது. மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டதற்கு, ஒரு மாதமாக அப்படித்தான் என்றார். அவருடைய சோர்வுக்குக் காரணம் வயிற்றுக்குள் கசிந்துகொண்டிருந்த ரத்தம். மூன்று சீட்டுகளையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் எழுதப்பட்ட நாளில் சரியானதுதான். லேசான பக்கவாதத்துக்குப் பிறகு ஆஸ்பிரினையும் குளோபிடோகிரலையும் சேர்த்துக் கொடுப்பது பெரும்பாலும் 21 நாளுக்குத்தான். அதன் பிறகு ஒன்றை நிறுத்திவிட வேண்டும். தொடங்கிய நாள் சீட்டில் இருந்தது, நிறுத்தும் நாள் எந்தச் சீட்டிலும் இல்லை. ஒருங்கிணைந்த சிகிச்சை என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த மேசைதான்.

வீடு திரும்பிய பிறகு வரும் பிரச்சினைகள் இன்னும் சுலபமாகத் தவறிப்போகின்றன. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. வீட்டார் அதைச் சோம்பல் என்று நினைக்கிறார்கள், பயிற்சியாளர் ஒத்துழைக்கவில்லை என்று எழுதுகிறார். முதல் பக்கவாதத்துக்குப் பிறகு ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கும், மீண்டும் வந்தால் மூன்றில் ஒருவருக்கு மேலும் மறதி நோய் ஏற்படுகிறது. நினைவாற்றலைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் நேரம் ஒதுக்கப்படுவதில்லை. பயிற்சியை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு அதிகமாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கையும் முழுக்கச் சரியில்லை. முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே நோயாளியை அடிக்கடி எழுப்பி நடக்க வைத்தது பலனைக் குறைத்தது என்று 2015-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. ஆறு வாரம் கடந்த உங்கள் அப்பாவுக்கு அந்தக் கவலை இல்லை, இப்போது பயிற்சி தாராளமாகவே வேண்டும். மனச்சோர்வுக்கான ஃப்ளூவாக்ஸெட்டின் மாத்திரை கை கால் அசைவையும் மீட்கும் என்று ஒரு காலத்தில் நாங்கள் நம்பினோம், நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. எலும்பு முறிவுதான் கூடியது. மனச்சோர்வு இருந்தால் அதற்காகக் கொடுக்கலாம், கை எழ வேண்டும் என்பதற்காக வேண்டாம்.

ஒருங்கிணைப்பின் எல்லா வடிவமும் நிரூபணமாகிவிட்டது என்று நான் சொன்னால் அது நேர்மையாகாது. பக்கவாத வார்டின் பலன் உறுதி. அவசரக் கட்டத்தில் துறைகள் கைகோப்பதன் பலனும் உறுதி. ஆனால் வீடு திரும்பியவர்களுக்கு எல்லாத் துறையும் சேர்ந்த ஒரே கிளினிக் நடத்தினால் அடுத்த பக்கவாதம் எவ்வளவு குறையும் என்பதற்கான சான்று மெலிந்தது. ரத்த அழுத்தக் கட்டுப்பாடு மேம்படுகிறது என்பதுவரை சொல்லலாம். கடுமையான பக்கவாதம் என்று சந்தேகப்பட்டால் அருகிலுள்ள மருத்துவமனையைத் தாண்டிக் கட்டி எடுக்கும் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போவது மேல் என்று நாங்கள் பலரும் நினைத்தோம். ஸ்பெயினின் கட்டலோனியாவில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், நன்கு இயங்கும் அமைப்புக்குள் இரண்டு வழிக்கும் வேறுபாடு தெரியவில்லை. ரத்த அழுத்தத்தை இறுக்கிக் கட்டுப்படுத்தினால் நினைவாற்றல் காக்கப்படும் என்பதற்கு நம்பிக்கையூட்டும் ஆய்வு இருக்கிறது. ஆனால் அதில் சர்க்கரை நோயாளிகளையும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களையும் சேர்க்கவில்லை. ஆகவே அதை உங்கள் அப்பாவுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க நான் தயங்குகிறேன்.

எனவே கட்டடத்தையோ பலகையையோ பார்க்காதீர்கள். எல்லா மருத்துவர்களும் ஒரே இடத்தில் இருந்தும் ஒருவரோடு ஒருவர் பேசாத மருத்துவமனைகள் உண்டு. வேறு வேறு தெருக்களில் இருந்தும் தொலைபேசியில் பேசி ஒரே முடிவுக்கு வரும் மருத்துவர்களும் உண்டு. நால்வரில் ஒருவரிடம், நரம்பியல் மருத்துவராக இருந்தால் நல்லது, நேராகக் கேளுங்கள்: 'அப்பாவின் முழுப் பொறுப்பையும் நீங்கள் எடுத்துக்கொள்வீர்களா? மற்றவர்கள் எழுதுவதை உங்களிடம் கொண்டுவந்து காட்டட்டுமா?' பெரும்பாலானவர்கள் சரி என்பார்கள். கேட்கப்படாததாலேயே அது நடக்காமல் இருக்கிறது. அவரிடம் இதயத் துடிப்பை எத்தனை நாள் பதிவு செய்து பார்த்தார்கள், கழுத்துத் தமனிகளைப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். ஒவ்வொரு மாத்திரைக்கும் எதற்கு, எதுவரை என்று இரண்டு சொல் எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டில் ரத்த அழுத்தம் பார்த்துக் குறித்து வையுங்கள். பக்கவாதம் வந்த பெரும்பாலோருக்கு இலக்கு 130/80-க்குக் கீழே, உங்கள் அப்பாவுக்கான எண்ணை அவர் சொல்லட்டும். அடுத்த முறை போகும்போது எல்லா அட்டைகளையும், தீர்ந்துபோன அட்டைகளையும்கூட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

இதற்கெல்லாம் முன்பாக, தண்ணீர் குடிக்கும்போது வரும் அந்த இருமல். ஆறு வாரத்துக்குப் பிறகும் அது இருந்தால் தானாகச் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே விழுங்குதல் பயிற்சியாளரிடம் அழைத்துப் போங்கள். அதுவரை படுத்தபடி எதையும் கொடுக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி, சிறு மடக்குகளாக, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள். காய்ச்சல் வந்தாலோ குரல் களகளத்தாலோ மூச்சு வேகமானாலோ அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.